முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒற்றைக்கால் ஏன் ஆடுகிறது? அதில் வயிற்றுக்கும் இடுப்புக்கும் என்ன வேலை?

கேள்வி: கல்லூரிப் பெண்கள் கபடி அணியில் ரைடராக ஆடுகிறேன். வயது 20. ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்ததால் பின்தொடையிலிருந்து நாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்து நான்கு மாதம் ஆகிறது. மெனிஸ்கஸில் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டில்) எதுவும் தைக்கவில்லை. நடை சரியாகிவிட்டது, வலி இல்லை. ஆனால் அந்தக் காலில் மட்டும் நின்றால் உடம்பு ஆடுகிறது. பிசியோதெரபிஸ்ட் வயிறு, இடுப்புப் பயிற்சிகளாகவே கொடுக்கிறார். அடிபட்டது முழங்காலில், வயிற்றுக்கு எதற்குப் பயிற்சி? எதை எப்படிச் செய்ய வேண்டும்? இன்னும் இரண்டு மாதத்தில் போட்டி இருக்கிறது. முழங்காலுக்கு உறை (நீ கேப்) போட்டுக்கொண்டு ஆடலாமா?

பதில்:

போட்டியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடாதீர்கள். அப்போது உங்களுக்கு ஆறாவது மாதம்தான் முடிந்திருக்கும். அது ஏன் போதாது என்பதைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் பிசியோதெரபிஸ்ட் சரியான வழியில்தான் போகிறார். காரணம் தெரிந்துவிட்டால் பயிற்சியை நீங்கள் செய்யும் விதமே மாறிவிடும் என்பதால் அந்தக் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காக இணைப்பது ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்துக்கொள்வது அதன் வேலை என்று மருத்துவமனையில் படம் காட்டி விளக்கியிருப்பார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த ஜவ்வுக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற தகவலைத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் அவை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஜவ்வு அறுந்த அன்றே அந்தத் தகவலும் அறுந்துவிட்டது. உங்களுக்கு வைத்திருக்கும் புது நாண் உறுதியானது, எலும்பை நன்றாகவே பிடிக்கும். ஆனால் பழைய நரம்புத் தொடர்பு அதனோடு சேர்ந்து வருவதில்லை. நாளடைவில் ஓரளவு நரம்பு முனைகள் அதற்குள் வளரலாம். முழுவதும் பழையபடி ஆகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இந்த இழப்பை மூளை எதைக் கொண்டு ஈடுகட்டுகிறது? பெரும்பாலும் கண்ணைக் கொண்டு. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முழங்காலை மடக்கி நீட்டும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், பார்வையோடு தொடர்புடைய பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. வீட்டிலேயே இதை உணரலாம். சுவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். நல்ல கால் கொஞ்சம் தடுமாறிச் சமாளிக்கும். அறுவை சிகிச்சை செய்த கால் சில நொடிகளிலேயே சுவரைத் தேடும். கபடியில் உங்கள் கண் எதிரணியின் ஏழு பேர் மேல் இருக்க வேண்டும். அங்கே முழங்காலைக் கண்ணால் காவல் காக்க முடியாது.

இனி வயிற்றுக்கு வருகிறேன்.

தலை, கைகள், மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்தால் உடல் எடையில் பாதிக்கும் மேல் வந்துவிடும். ஒற்றைக்காலில் நிற்கும்போது அவ்வளவு எடையும் ஒரே முழங்காலுக்கு மேலே நிற்கிறது. மேலுடல் வெளிப்பக்கமாகச் சாய்ந்தால், தரையிலிருந்து காலுக்கு மேலேறும் விசையும் முழங்காலின் வெளிப்பக்கமாக விலகிப்போய், முழங்காலை உள்நோக்கித் தள்ளும். அதே நேரத்தில் கீழ்க்காலும் கொஞ்சம் திரும்பினால் ஏ.சி.எல். தாங்கும் எல்லைக்கு வந்துவிடும். விளையாட்டில் யாரும் மேலே மோதாமலேயே ஜவ்வு கிழிந்த சம்பவங்களின் வீடியோக்களை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தால் இந்தத் தோற்றம் திரும்பத் திரும்ப வருகிறது: உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், முழங்கால் உள்ளே விழுந்திருக்கும், பாதம் தரையில் முழுவதும் பதிந்து நகர முடியாமல் இருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று நேரம். வீடியோக்களை வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு கிழிகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆபத்தை உணர்ந்து, தசைக்குச் செய்தி போய், தசை இறுகி மூட்டைக் காப்பாற்ற அந்த நேரம் போதாது. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே இடுப்பும் முதுகும் தயாராக இருந்தால்தான் முழங்கால் தப்பிக்கும்.

அப்படி முன்கூட்டித் தயாராகும் இயல்பு உடலுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1990-களில் செய்த ஆய்வுகளில், ஒருவர் கையையோ காலையோ அசைப்பதற்குச் சற்று முன்பே வயிற்றின் ஆழ்ந்த குறுக்குத் தசை இறுகிவிடுவதைப் பதிவு செய்தார்கள். முதுகுவலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. கோர் பயிற்சி என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதன் உள்ளர்த்தம் இதுதான். வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்னால் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளம், பக்கவாட்டில் இடுப்பையும் தொடையையும் இணைக்கும் புட்டத் தசைகள் ஆகிய எல்லாம் சரியான நொடியில், சரியான அளவில் இறுகி மேலுடலை முழங்காலுக்கு மேல் நிறுத்த வேண்டும்.

மேலுடலுக்கும் முழங்காலுக்கும் உள்ள உறவைக் காட்டிய ஆய்வுகளில் நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவது 2007-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் 277 பேரிடம் செய்தது. அவர்கள் மேலுடலில் ஒரு இழுவிசையைப் பூட்டி, அதை எதிர்த்து நிற்கச் சொல்லி, சட்டென்று விடுவித்தார்கள். உடல் எவ்வளவு தூரம் ஆடி நிற்கிறது என்று அளந்தார்கள். அடுத்த 3 ஆண்டுகளில் 25 பேருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தச் சோதனையில் உடல் அதிகம் ஆடியவர்களுக்கே ஜவ்வுக் காயமும் அதிகம். அதிலும் பக்கவாட்டில் ஆடியதுதான் மிகத் தெளிவாகப் பின்னால் வரப்போவதைக் காட்டியது. பெண்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. ஆண்களிடம் முன்பு வந்த முதுகுவலி மட்டுமே அப்படி முன்னறிவித்தது. ஒரே மாதிரி விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு பல மடங்கு என்பது நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. ஆகவே நீங்கள் இந்தப் பயிற்சிகளைக் கட்டாயம் செய்ய வேண்டிய கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு முதுகுவலி வந்துபோன பழக்கம் உண்டா என்பதையும் பிசியோதெரபிஸ்டிடம் மறக்காமல் சொல்லுங்கள்; முழங்காலுக்குத் தேவையில்லாத விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கோர் பயிற்சி முன்தொடைத் தசைக்கு மாற்று ஆகாது. முழங்காலில் நீர் கோத்திருந்தால் முன்தொடைத் தசையை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடும். எத்தனை வயிற்றுப் பயிற்சி செய்தாலும் அந்தக் கால் ஆடத்தான் செய்யும். எனவே மூன்றைப் பாருங்கள். முழங்கால் நல்ல காலைப்போலவே முழுவதும் நீள்கிறதா? வீக்கம் முற்றிலும் வடிந்திருக்கிறதா? தொடையின் சுற்றளவில் இரண்டு காலுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்கிறதா? இவற்றில் குறை இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. கோர் பயிற்சி கூடவே நடக்கட்டும். ஆறு மாதம் பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகப் பிடிக்கும் பயிற்சி) செய்துவிட்டு, தொடை மெலிந்தபடியே வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. உழைப்பில் குறை வைத்திருக்க மாட்டார்கள். அந்த உழைப்பை யாரோ வேறு பக்கம் திருப்பிவிட்டிருப்பார்கள்.

பயிற்சிகளைச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. ஆளுயரக் கண்ணாடி முன் வெறுங்காலுடன், முழங்கால் தெரியும்படி உடை அணிந்து நில்லுங்கள். அறுவை சிகிச்சை செய்த காலில் நின்று, இலேசாக முழங்காலை மடக்கி எழுந்திருங்கள். ஐந்து முறை போதும். முதல் இரண்டு முறை எல்லோரும் கவனமாகச் செய்துவிடுவார்கள். நான்காவது, ஐந்தாவது முறைதான் உண்மையைச் சொல்லும். தோள் அந்தக் காலின் பக்கமாகச் சாய்கிறதா? தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறதா? முழங்கால் சில்லு கட்டைவிரலுக்கு உட்பக்கமாகப் போகிறதா? கால்விரல்கள் தரையைப் பிறாண்டிப் பிடிக்கின்றனவா? முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பிளாங்கை இரண்டு நிமிடம் அசையாமல் பிடிக்கும் வீராங்கனைகள் உண்டு. அவர்களை 15 செ.மீ. உயரப் படியில் நிறுத்தி, நல்ல காலின் குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு எடுக்கச் சொல்வேன். முழங்கால் உள்ளே மடங்கும், தோள் வெளியே ஓடும், கைகள் தாமாக மேலே எழும். வயிறு வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வலுவை ஒற்றைக்காலின் மேல் நின்று பயன்படுத்த உடல் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகள் தொடக்கம் மட்டுமே. அவற்றை வாரக்கணக்கில் அதே அளவில் செய்துகொண்டிருக்காமல், கட்டுப்பாடு வந்ததும் நின்று செய்பவற்றுக்கு ஏறிவிட வேண்டும்.

மல்லாந்து படுத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கித் தூக்கி, கைகளை மேலே நீட்டிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி வலது கையைத் தலைக்குப் பின்னாலும் இடது காலை முன்னாலும் மெதுவாக நீட்டி, மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மறுபக்கம். பக்கத்துக்கு ஆறேழு முறை. இடுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூடாமல் இருப்பதுதான் இதன் உயிர். இடைவெளி கூடினால் காலை அவ்வளவு தூரம் நீட்டாதீர்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டாம். யாராவது இடுப்பில் விரலால் குத்த வந்தால் வயிறு தானாக இறுகுமே, அதில் கால் பங்கு இறுக்கம் போதும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்த கால் நீளும்போது முழங்கால் கடைசி சில பாகை மடங்கியே நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் முன்தொடைத் தசை இன்னும் விழிக்கவில்லை என்று பொருள்.

அடுத்தது பக்கவாட்டுப் பிளாங்க். யேல் ஆய்வு பக்கவாட்டு ஆட்டத்தைச் சுட்டியதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. முன்கையை ஊன்றி ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். பத்து விநாடி பிடித்து இறக்குங்கள். நீண்ட நேரம் ஒரே மூச்சில் பிடிப்பதைவிட, பத்து விநாடியாக ஐந்தாறு முறை ஒழுங்காகப் பிடிப்பது மேல். அறுவை சிகிச்சை செய்த கால் கீழே வரும் பக்கத்தில் மெத்தென்ற துண்டை மடித்துப் போடுங்கள். கால்களை நீட்டிப் பாதத்தில் தாங்கும் வகையில், முழங்கால் பக்கவாட்டில் வளைக்கப்படும் விசையைத் தாங்க வேண்டியிருக்கும். பிசியோதெரபிஸ்ட் மூட்டை அசைத்துப் பார்த்து அனுமதித்த பிறகே அதற்கு மாறுங்கள். பின்னாளில் மேல்காலை பெஞ்சில் வைத்துத் தொங்கும் கடினமான வகை வரும்போது, பெஞ்ச் தொடையைத் தாங்கும்படி வையுங்கள். கணுக்காலைத் தாங்கினால் சுமை முழுவதும் முழங்காலின் உட்பக்கத்தில் விழும்.

உங்களுக்கு நாண் எடுத்தது பின்தொடையிலிருந்து என்பதால் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் பயிற்சியில் ஒரு விஷயம். முதல் சில வாரங்களில் பின்தொடைக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்பதால் இதைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். இப்போது செய்யலாம். குதிகாலைப் புட்டத்துக்கு அருகில் வைத்தால் புட்டத் தசை அதிகம் உழைக்கும். தள்ளி வைத்தால் பின்தொடை உழைக்கும். அருகிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தள்ளுங்கள். பின்தொடை சுருண்டு பிடித்துக்கொண்டால் ஒரு படி பின்னால் வாருங்கள். இரண்டு காலில் சரளமாக வந்ததும் ஒற்றைக்காலில் செய்யும்போது, இடுப்பின் இரண்டு முன் எலும்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கைவைத்துப் பாருங்கள்.

கையையும் எதிர்க்காலையும் நீட்டி, மண்டியிட்டுச் செய்யும் பயிற்சி நல்லதுதான். ஆனால் அறுவைத் தழும்பு உறுத்தலாம். கெட்டியான தலையணை போட்டுக்கொள்ளுங்கள். சில்லுக்குக் கீழே உள்ள நாணை எடுத்துச் சிகிச்சை செய்தவர்களுக்கு மண்டியிடுவது பல மாதம் வலிக்கும். அவர்கள் மேசைமேல் முன்கைகளை ஊன்றி நின்றே இதைச் செய்யலாம். படுத்து எழும் பழைய சிட்-அப் வேண்டவே வேண்டாம். உங்களுக்குத் தேவையான எதையும் அது கற்றுக்கொடுப்பதில்லை.

நின்று செய்பவற்றில் என் முதல் தேர்வு ரப்பர் பட்டைப் பயிற்சி. ஜன்னல் கம்பியில் மார்பு உயரத்தில் பட்டையைக் கட்டி, ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நின்று, இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து மார்பிலிருந்து நேராக முன்னால் நீட்டுங்கள். பட்டை உங்களை ஜன்னல் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் ஐந்து விநாடி நில்லுங்கள். பிறகு இதையே அறுவை சிகிச்சை செய்த ஒற்றைக்காலில் நின்று செய்யுங்கள். பாதம், முழங்கால், இடுப்பு, வயிறு, தோள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளத் தொடங்கும் இடம் இது. கையைப் பிடித்து இழுக்கும்போதும் நிலைகுலையாமல் இருக்க வேண்டிய ரைடருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இதனோடு பட்டையை முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமநிலைப் பயிற்சி என்றதும் பலரும் ஆடும் பலகையையும் காற்றுத் தலையணையையும் தேடிப் போகிறார்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் ஆடும் பலகையில் தேர்ச்சி பெறுவது பெரும்பாலும் ஆடும் பலகைக்குத்தான் உதவும். கபடி மேட் ஆடாது. உங்களை ஆட்டுவது எதிரணி. ஆகவே தரையை உறுதியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கடினமாக்குவதே என் வழி.

ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் பெருவிரலால் முன்னாலும், பின்பக்கம் குறுக்காக இரு திசைகளிலும் எட்டும் வரை தொட்டு வாருங்கள். தரையில் டேப் ஒட்டி எட்டிய தூரத்தைக் குறித்துக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல். பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் 2006-இல் வெளியான ஆய்வில், முன்னால் எட்டும் தூரத்தில் இரண்டு காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தவர்களுக்குக் காலில் அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. இது வந்த பிறகு தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். பிறகு ஒருவர் பந்தை எறிய, நீங்கள் பிடியுங்கள். அவர் எந்தப் பக்கம் எறிவார் என்று சொல்லக் கூடாது. பிறகு 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பந்தைப் பிடியுங்கள். கண்ணும் கவனமும் வேறு வேலையில் இருக்க, கால் தன் வேலையைத் தானே செய்யப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். கடைசியாக, தோழி ஒருவர் இடுப்பில் கட்டிய துணியை எதிர்பாராத நேரத்தில் இலேசாக இழுத்து விடட்டும். தினமும் பத்து நிமிடம் போதும். உடல் களைப்பில்லாமல் இருக்கும்போது செய்யுங்கள். நன்றாகப் பழகிய பிறகு தொடைப் பயிற்சி முடிந்து களைத்த பிறகும் செய்து பாருங்கள். ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் உங்கள் கால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

போனஸ் புள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற, பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது எதிரணியின் ஆறேழு பேர் பாயக் காத்திருக்கும் இடத்தில், ஒற்றைக்காலில், உடலை முன்னால் நீட்டி, அடுத்த நொடியே பின்னால் திரும்ப வேண்டும். கீழே விழுந்து கணுக்காலைப் பிடிப்பவர் ஒருவர், பக்கத்திலிருந்து மோதுபவர் ஒருவர். முழங்கால் ஜவ்வுக்கு இதைவிடக் கடினமான தேர்வு குறைவு. எனவே ஐந்தாம், ஆறாம் மாதங்களில் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாவி இறங்கும் பயிற்சிகள் தொடங்கும்போது, முதலில் இரண்டு காலில் சத்தமில்லாமல் இறங்கப் பழகுங்கள். பிறகு ஒற்றைக்கால். பிறகு திசை மாற்றம். பிறகு எதிராளி இல்லாத மேட்டில் உங்கள் பாட்டை முழுவதும் பாடிப் போய் வருவது. பிறகு எதிராளி நிற்பார், தொடமாட்டார். உண்மையான பிடி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முழங்காலிடம் அனுமதி கேளுங்கள். காலையில் எழுந்ததும் சில்லின் நடுவே டேப்பால் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள். முந்தைய நாள் பயிற்சிக்குப் பிறகு 1 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் சுமை அதிகமாகிவிட்டது. இரண்டு நாள் குறைத்துச் செய்யுங்கள். வலி இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், வீக்கம் வலியைவிட நேர்மையாகப் பேசும்.

இப்போது போட்டிக் கணக்கு. நார்வேயும் அமெரிக்காவின் டெலவேரும் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பித் திசைமாறி ஆடும் விளையாட்டுகளைச் சேர்ந்த 106 பேரை அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மீண்டும் அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. தசை வலிமை, தாவல் சோதனை எல்லாவற்றிலும் தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு மீண்டும் அடிபட்டது. தேறாமல் திரும்பியவர்களில் அது 38.2 சதவீதம். மேலும் புது நாண் மூட்டுக்குள் உயிர்த்து ஜவ்வாக மாற நீண்ட மாதங்கள் எடுக்கும். அந்த வேகத்தை உங்கள் உழைப்பால் கூட்ட முடியாது. 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பிய 56 பேரில் 13 பேருக்கு மறுபடியும் ஏ.சி.எல். கிழிந்தது. தரையிறங்கும்போது இடுப்பு, முழங்கால் அசைவுகளில் இருந்த குறையோடு, ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைக் குறையும் அவர்களை முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் உடம்பு ஆடுகிறது என்று நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதே ஆட்டம்தான் அது.

ஆகவே ஒன்பது மாதம் முடிய வேண்டும். அதோடு சோதனைகளிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. முன்தொடை வலிமையும் தாவும் தூரமும் நல்ல காலில் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் இந்த மாதங்களில் உங்கள் நல்ல காலும் ஓய்வில் வலுவிழந்திருக்கும் என்பதால், அதோடு ஒப்பிட்டு வரும் 90 ஏமாற்றக்கூடும். இப்போதே நல்ல காலுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள். பயிற்சியாளர் போட்டிக்கு அழுத்தம் கொடுத்தால் இந்த எண்களை அவரிடம் காட்டுங்கள். ஒரு பருவத்தை விடுவதா, மூன்று நான்கு பருவங்களை இழப்பதா என்று அவரே யோசிக்கட்டும்.

வீட்டில் சில. சம்மணம் போட்டு உட்காருவதும், இந்தியக் கழிப்பறையில் குந்துவதும் ஆழமாக மடக்கும் வேலை. உங்கள் அறுவை மருத்துவர் எப்போது சொல்கிறாரோ அப்போது தொடங்குங்கள்; அதுவரை ஹாஸ்டலில் மேற்கத்தியக் கழிப்பறை வசதியைக் கேட்டுப் பெறுங்கள். ஸ்கூட்டரை நிறுத்தும்போது அறுவை சிகிச்சை செய்த காலை ஊன்றித் தாங்காதீர்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்காதீர்கள். இதே பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது மெனிஸ்கஸும் சேர்த்துத் தைத்திருந்தால், மடக்கும் அளவும் எடை போடும் காலமும் மாறும். இங்கே உள்ள கால அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு முழங்கால் சூடாகச் சிவந்தாலோ, முழங்கால் மாட்டிக்கொண்டு நீள மறுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீ கேப் கேட்டிருந்தீர்கள். கடையில் கிடைக்கும் இழுவைத் துணி நீ கேப், தோலை அணைத்துக்கொள்வதால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு சற்றுக் கூடும், மனதுக்குத் தைரியமாகவும் இருக்கும். எலும்பு நழுவுவதையோ திருகுவதையோ அது தடுக்காது. கம்பி வைத்த பிரேஸ்கூட இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபடி கிழிவதைத் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்லும்படியான ஆதாரம் இல்லை. கூட்டமான இடத்துக்கோ, மேடுபள்ளமான பாதையில் நடக்கவோ போகும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். சமநிலைப் பயிற்சி செய்யும் அந்தப் பத்து நிமிடமும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு செய்யுங்கள்.